அவரவர் நேரத்தில் ஒரு பாட்டு



ஜோகூரில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது மறந்திருக்காது. 2014 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பள்ளி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவுக்கோ ஞாயிறுதான் ஓய்வு. சனிக்கிழமையும் வேலை இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, வாசலில் பார்த்து “போய்ட்டு வரேன்” சொல்வதோடு சரி. 2025 ஜனவரியில்தான் சனி, ஞாயிறு என்று திரும்பவும் மாறியது. இடையில் பதினோரு ஆண்டுகள் ஓடிவிட்டன.

மாறிய பிறகு மட்டும் என்ன? விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு சிங்கப்பூர்க் கடற்பாலத்துக்குப் போகிறவர் வீடு திரும்ப இரவாகிவிடுகிறது. ஒரு பிள்ளைக்குக் காலைப் பள்ளி, இன்னொன்றுக்கு மதியப் பள்ளி. அம்மாவுக்குப் பாசிர் கூடாங் பக்கம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கே நாள் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த மாதம் வீட்டில் பாட்டு பதிவு செய்வதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால், முதலில் நினைவுக்கு வந்தது இந்த நேரப் பஞ்சம்தான். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? இருக்கிறது.

நம் வீடுகளில் எத்தனை அலமாரிகளின் மேல் வயலின் பெட்டி தூங்குகிறது? துணி போர்த்திய கீபோர்ட் எத்தனை? மாதா மாதம் கட்டணம் கட்டி, வகுப்பு வாசலில் காரை நிறுத்திக் காத்திருந்து, மேடையேற்றி, படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டோம். எஸ்பிஎம் ஆண்டு வந்ததும் வாத்தியம் மேலே ஏறிவிட்டது. தேர்வு முடிந்த பிறகும் இறங்கவில்லை. பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். என்னைக் கேட்டால், ஆர்வம் அப்படியெல்லாம் போவதில்லை. கூட வாசிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். தனியாக எத்தனை நாளைக்குத்தான் வர்ணம் வாசித்துக்கொண்டிருப்பது?

மல்டிடிராக் ரெக்கார்டர் என்ற கையடக்கப் பெட்டி உதவுவது இந்த இடத்தில்தான்.

அது செய்வது எளிமையான வேலை. ஒரு டிராக்கில் ஒருவர் வாசித்ததைப் பதிந்து வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதை ஹெட்போனில் கேட்டபடியே இரண்டாவது டிராக்கில் தம் பங்கைப் பதிவார். மூன்றாமவர் இரண்டையும் கேட்டு மூன்றாவதில். குவே லாப்பிஸ் வேகவைப்பது போலத்தான், ஒரு படலம் வெந்த பிறகு அடுத்த படலம். எந்த டிராக்கையும் தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம், அழித்துவிட்டுத் திரும்பப் பதியலாம். மற்றவர் வாசித்ததற்கு ஒன்றும் ஆகாது.

மாசாய் பக்கத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மதியப் பள்ளிக்குப் போகும் மகன் காலையில் கீபோர்டில் ஒரு மெட்டைப் பதிந்து வைக்கிறான். மாலையில் அக்காள் அதன்மேல் வயலின் சேர்க்கிறாள். ஷிஃப்ட் முடிந்து வந்த அம்மா, சமையலுக்கு நடுவே இரண்டு வரி பாடுகிறார். இரவு பத்து மணிக்கு அப்பா தம் பழைய கிட்டாரைக் கேபிளில் மாட்டி, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, தூங்குகிறவர்களை எழுப்பாமல் தம் பங்கைச் சேர்க்கிறார். நாலு பேரும் ஒரே அறையில் ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை. பாட்டு மட்டும் நாலு பேருடையது. ஜோகூர் வீட்டுக்கென்றே யாரோ செய்து கொடுத்தது போல இல்லை?

செய்தவர்கள் என்னவோ ஜப்பானியர்கள். டியாக் நிறுவனம் 1979-இல் டாஸ்காம் பெயரில் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதுவரை நாலு டிராக் பதிவென்றால் பெரிய ஸ்பூல் டேப்பும் அதற்கான செலவும் வேண்டும். இவர்கள் எடுத்துக்கொண்டது சாதாரணக் கேசட். கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு என்று மொத்தம் நாலு தடங்கள் உண்டல்லவா? அந்த நாலையும் ஒரே திசையில் ஓடவிட்டார்கள். ஒலி தெளிவாக இருக்க நாடாவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினார்கள். அதனால் அறுபது நிமிடக் கேசட் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். இருந்தாலும் அதை மேசைமேல் வைத்து, வீட்டிலேயே பாட்டு கட்டலாம் என்றானது.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் தம் வீட்டு அறையில் இந்தக் கருவியை வைத்துக்கொண்டு பாடல்களைப் பதிந்தார். குழுவினருக்குப் போட்டுக் காட்டத்தான் பதிந்தது. பிறகு முழுக் குழுவோடு ஸ்டூடியோவில் முயன்று பார்த்தும் அந்தக் கேசட்டில் இருந்தது கைக்கு வரவில்லை. கடைசியில் கேசட்டே நெப்ராஸ்கா என்ற ஆல்பமாக வெளிவந்தது. நமக்கு அவரைவிட நெருக்கமான பெயர் வேண்டுமென்றால், 1992-இல் ரோஜா பாடல்களைத் தந்த ஏ.ஆர். ரஹ்மான் வேலை செய்ததும் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டிக் கட்டிய தம் சொந்தக் கூடத்தில்தான். அவர் வைத்திருந்த கருவிகளை நம் வீட்டுப் பெட்டியோடு ஒப்பிட முடியாது. ஆனால் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல், யாருக்கும் மணிக்கணக்கில் வாடகை கொடுக்காமல் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் வசதி இருக்கிறதே, அது ஒன்றுதான்.

இதற்குள் வீட்டில் இளைய பிள்ளை எட்டிப் பார்த்து, “கைத்தொலைபேசியிலேயே இதெல்லாம் செய்யலாமே” என்று சொல்லியிருக்கும். உண்மைதான், மறைப்பானேன்? ஐபோனில் கராஜ்பேண்ட் செயலி இருக்கிறது. சிங்கப்பூரில் பிறந்த பேண்ட்லேப் செயலி இலவசம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான குவோக் மெங் ரு, நம் ஜோகூர் பாருவில் பிறந்த தொழிலதிபர் ராபர்ட் குவோக்கின் குடும்பத்துப் பிள்ளை. ஆக, அதிலும் நம் ஊருக்குக் கொஞ்சம் பங்கு கேட்கலாம். காசு செலவழிக்கும் முன் அதில் ஒரு மாதம் விளையாடிப் பாருங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

பிறகு எதற்குத் தனிப் பெட்டி? மூன்று காரணங்கள் எனக்குப் படுகின்றன. முதலாவது, அப்பாவின் கைத்தொலைபேசி அப்பாவோடு காலையில் கடற்பாலம் தாண்டிவிடும். பெட்டி வீட்டிலேயே இருக்கும், யாருக்கும் பொதுவாக. இரண்டாவது, புளூடூத் ஹெட்போன். இப்போதைய கைத்தொலைபேசிகள் பலவற்றில் ஹெட்போன் ஓட்டையே இல்லை. புளூடூத்தில் ஒலி காதுக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். படம் பார்க்கும்போது அது தெரியாது. தாளத்தோடு வாசிக்கும்போது ஒவ்வொரு அடியும் பின்தங்கி விழும். பிள்ளை தனக்குத்தான் தாளம் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். பாவம்! பெட்டியில் கம்பி ஹெட்போனை மாட்டினால் இந்தத் தொல்லை கிடையாது.

மூன்றாவது காரணம் கொஞ்சம் வேறு மாதிரி. பெட்டியில் வாட்ஸ்அப் இல்லை, கேம் இல்லை, அறிவிப்பு மணி இல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதியும், நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் நிற்கும். பெற்றோராக இதன் அருமை உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எப்படித் தொடங்குவது?

சினிமாப் பாட்டு கற்றவர்களும் கர்நாடக இசை கற்றவர்களும் இங்கே இரண்டு வழியாகப் பிரிவார்கள். கீபோர்ட் பிள்ளைக்குக் கிளிக் பழக்கம். பெட்டியிலேயே ‘டிக் டிக்’ என்று அடிக்கும் மெட்ரோனோமை ஓடவிட்டு வாசித்துவிடுவான். கையில் தாளம் போட்டுப் பழகிய பிள்ளைக்கு அந்த இயந்திரச் சத்தம் முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் முதல் டிராக்கில் தாளம் உறுதியாக இல்லாவிட்டால், நாலாவதாக வருகிறவர் எதைப் பிடித்துக்கொள்வார்? காலையில் மகன் கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நின்று வாசித்ததை, இரவில் அப்பா துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆதி தாளத்துக்கு எட்டு அடி வருமாறு கிளிக்கை வைத்து, மெதுவான காலத்தில் ஒரு வாரம் பழகட்டும். பிறகு அது காதில் விழுவதே தெரியாது.

அதற்கும் முன்னால் சுருதி. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அம்மா பாடுவது ஐந்தரைக் கட்டை, அப்பா பாடுவது ஒரு கட்டை என்றால் ஒரே பாட்டை இருவரும் எப்படிப் பாடுவது? யார் பாடப் போகிறாரோ அவர் கட்டையை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கு ஏற்றபடி மற்றவர்கள் வாசிக்க வேண்டும். ஒரு கட்டை என்பது கீபோர்டில் சி, ஐந்து கட்டை ஜி. கீபோர்ட் பிள்ளைக்கு இப்படிச் சொன்னால் உடனே புரிந்துவிடும். ஒரு டிராக்கில் சுருதிப் பெட்டியை ஐந்து நிமிடம் பதிந்து வைத்துவிட்டால், அந்தப் பாட்டு முடியும்வரை எல்லாருக்கும் அதுவே வழிகாட்டி. பாட்டு முடிந்த பிறகு அதை ஊமையாக்கிவிடலாம். மிருதங்கத்தையும் இந்தச் சுருதிக்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். நேற்று கோயிலில் சேர்த்த சுருதி இன்றைக்கு வீட்டில் உதவாது.

மிருதங்கம் என்றதும் ஒரு சிறு யோசனை. வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக் என்று இரண்டு டிராக்கில் பதிந்தால், பிறகு இரண்டையும் தனித்தனியே சரி செய்யலாம். ஒரே மைக்கை நடுவில் வைத்தால் பிறகு அப்படிப் பிரித்துச் சரி செய்ய முடியாது.

மைக்குக்குத் தனியாகக் காசு செலவழிக்க அவசரப்படாதீர்கள். நம்மவர் வீட்டில் கரோக்கே மைக் இல்லாமல் இருக்குமா? கம்பி உள்ளதாக இருந்தால் பெரும்பாலும் அது டைனமிக் வகைதான், பெட்டியில் செருகிப் பாடலாம். கண்டென்சர் மைக் நுணுக்கமாகப் பிடிக்கும். ஆனால் அதற்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் வேண்டும். பெட்டியில் அந்த வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்று அதற்கு ஆகாது என்பதால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்கவும் வேண்டும். அதோடு, நுணுக்கமாகப் பிடிக்கிற மைக் பக்கத்து வீட்டுச் சண்டையையும் நுணுக்கமாகப் பிடிக்கும்!

தாமான் வீட்டில் அதுதானே பெரிய சிக்கல்? இரண்டு பக்கமும் பொதுச் சுவர். தரையெல்லாம் ஓடு. ஹாலில் நின்று கை தட்டினால் சத்தம் சுற்றிச் சுற்றி வரும். அங்கே பாடினால் குளியலறையில் பாடியது போலப் பதிவாகும். படுக்கையறைதான் நல்லது. மெத்தை, தலையணை, திரைச்சீலை எல்லாம் எதிரொலியை விழுங்கிவிடும். அம்மாவின் புடவை அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முன்னால் நின்று பாடிப் பாருங்கள். காஞ்சிபுரமும் பூனம் புடவையும் செய்கிற வேலைக்குச் சிலர் ஸ்டூடியோ பஞ்சு வாங்கி ஒட்டுகிறார்கள்.

மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஏர்கோனையும் நிறுத்த வேண்டும். வியர்க்கத்தான் செய்யும், ஒரு பாட்டு நாலு நிமிடம்தானே? ரொட்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் நேரம் தெருவில் எல்லாருக்கும் தெரியும். சூராவில் பாங்கு சொல்லும்போது நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். மதிய மழை துத்தநாகக் கூரையில் விழ ஆரம்பித்தால் அன்றைக்கு மைக் வேலை இல்லை. கீபோர்டையும் கிட்டாரையும் கேபிளில் மாட்டிப் பதிவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடி இடித்தால் அதையும் கழற்றிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் பெட்டியாக இருந்தால் இந்த இடிப் பயமும் குறையும், அடாப்டர் கிளப்பும் ‘ம்ம்ம்’ இரைச்சலும் இல்லை.

ஹெட்போன் காதை முழுக்க மூடுகிற வகையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அதிலிருந்து கசியும் கீபோர்ட் சத்தமும் அம்மாவின் குரலோடு சேர்ந்து பதிந்துவிடும். பிறகு கீபோர்ட் மட்டும் சரியில்லை, மாற்றலாம் என்று நினைத்தாலும் அம்மாவின் டிராக்கில் பழைய கீபோர்ட் பேய் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒலி அளவையும் கொஞ்சம் தாழ்வாகவே வைத்துப் பதியுங்கள். தாழ்ந்ததை உயர்த்தலாம், சிவப்பு விளக்கு எரிய எரியப் பதிந்து கிழிந்துபோனதைத் தைக்க முடியாது. இப்போது வரும் ஜூம் ஆர்4 போன்ற 32-பிட் ஃப்ளோட் கருவிகள் இந்தக் கவலையைப் பெருமளவு குறைத்துவிட்டன. பழைய பெட்டிகளில் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

நாலு டிராக், எட்டு டிராக் போதுமா என்று கேட்பார்கள். பீட்டில்ஸ் குழு 1967-இல் வெளியிட்ட சார்ஜென்ட் பெப்பர் ஆல்பம் நாலு டிராக் கருவிகளில் பதிந்ததுதான். இடம் தீர்ந்தால் பதிந்ததையெல்லாம் ஒன்றாகக் கலந்து இன்னொரு கருவியின் டிராக்குக்கு மாற்றிவிட்டு, காலியான இடத்தில் தொடர்ந்தார்கள். இதைத்தான் பவுன்ஸ் என்கிறார்கள். நம் பெட்டியிலும் அது உண்டு. கலந்ததைப் பிறகு பிரிக்க முடியாது என்பதால் அதற்குமுன் ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது. என் கருத்து, குறைவான டிராக்தான் வீட்டுக்கு நல்லது. கணினியில் நூறு டிராக் கிடைக்கும். நூறாவது டிராக்கில் என்ன சேர்ப்பது என்று யோசித்தே பாட்டு முடியாமல் கிடக்கும் பிள்ளைகள் உண்டு. எட்டு டிராக் என்றால், தம்பிக்கு ஒன்று கொடுக்க வேண்டுமே என்று அண்ணன் இரண்டோடு நிறுத்திக்கொள்வான்.

வாங்கும்போது சில விஷயங்கள். புதிய சிறு பெட்டிகள் ஒரு நடுத்தரக் கைத்தொலைபேசி விலையை ஒட்டியே வருகின்றன. பழையது தேடுகிறவர்கள் நம்மில் நிறைய. பண்டல் கடைகளிலும் இணையத்திலும் ஜப்பானிலிருந்து வந்த பொருள்கள் கிடைக்கும். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டில் 230-240. அந்த அடாப்டரை அப்படியே செருகினால் முதல் நாளே புகைந்துவிடலாம். அடாப்டரில் ‘100-240’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசை நீட்டுங்கள். அடுத்து, பாட்டைச் சாதாரண எஸ்டி கார்டில், வேவ் கோப்பாகச் சேமிக்கிறதா என்று கேளுங்கள். 1990-களில் வந்த சில நல்ல கருவிகள் தங்களுக்கென்று தனி வடிவத்தில் சேமித்தன. இன்று அவற்றைத் திறக்க அதே கருவியைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. வேவ் கோப்பு சிடி தரத்தில் ஒரு டிராக்குக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி. எட்டு டிராக்கில் நாலு நிமிடப் பாட்டு 170 எம்பி பிடிக்கும். 32 ஜிபி கார்டில் நூறு பாட்டுக்கு மேல் தாராளமாக நிற்கும். கார்டு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும் என்பதால் கணினியிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

என்ன பாட்டைப் பதிவது? தொடக்கத்தில் தெரிந்த சினிமாப் பாட்டுதான் வரும், வரட்டும். அதை யூடியூபில் ஏற்றும்போது உரிமை வைத்திருக்கும் நிறுவனம் தடுத்தால் மனம் நோகாதீர்கள், அது அவர்கள் உரிமை. சொந்தமாகப் பாட்டு கட்டுவதுதான் நீண்ட நாளைக்கு நல்லது. ராப் பாடிய யோகி பியும் நட்சத்திராவும் 2006-இல் வல்லவன் ஆல்பத்தோடு தமிழ்நாட்டிலேயே காது கொடுத்துக் கேட்க வைத்தார்களே, நம் மலேசியத் தமிழில் பேசியவர்கள்தானே அவர்கள்?

அதைவிட அவசரமான ஒரு வேலையும் வீட்டில் இருக்கிறது. பாட்டி.

குளுவாங், லாயாங் லாயாங், சிகாமட் பக்கத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தலைமுறை அது. தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, கேலிப் பாட்டு எல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கின்றன. இந்தப் பாடல்களின் வரிகளைச் சிலர் அக்கறையோடு திரட்டி நூலாக்கியிருக்கிறார்கள். மெட்டு நூலில் ஏறாதே! எந்த இடத்தில் இழுப்பார், எங்கே மூச்சு விடுவார் என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருக்கிறது.

இங்கே மட்டும் கிளிக் வேண்டாம், ஹெட்போன் வேண்டாம், சுருதிப் பெட்டியும் வேண்டாம். பெட்டியில் உள்ள மைக்கே போதும். அவர் பாட்டுக்குப் பாடட்டும், நடுவில் நிறுத்திக் கதை சொன்னாலும் ஓடவிடுங்கள். தொடங்குமுன் பெயர், எந்தத் தோட்டம், இந்தப் பாட்டை யாரிடம் கேட்டார், இன்றைய தேதி என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் பிறகு யாரும் தேட வேண்டியதில்லை. பேரன் அதன்கீழ் பீட் போட ஆசைப்பட்டால், நகல் எடுத்துப் போடட்டும். மூலத்தில் கை வைக்க வேண்டாம். ஒப்பாரியை வீட்டில் பாட மாட்டேன், அபசகுனம் என்று சொல்வார். வற்புறுத்தாதீர்கள். கோயில் மண்டபத்திலோ வெளித் திண்ணையிலோ உட்கார்ந்து பாடச் சம்மதிக்கலாம். பெட்டி பேட்டரியில் ஓடும், கைப்பையில் போகும்.

கடைசியாக உறுமி மேளக் குழுப் பிள்ளைகளுக்கு. உங்கள் கடிதம் எப்படி வரும் என்று எனக்கு இப்போதே தெரியும், “எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லையே ஆசிரியரே!” தாமான் வீட்டுப் படுக்கையறையில் உறுமியைப் பதிய எந்தப் புடவை அலமாரியும் உதவாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து நிற்பார், நியாயமாகத்தான் நிற்பார். பெட்டியைக் கோயில் திடலுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மைக்கை ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள், அளவைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள், உறுமியை முதலில் தனியாகப் பதியுங்கள். பாடுகிற தம்பி தன் குரலை மறுநாள் வீட்டில் சேர்த்துக்கொள்ளட்டும். குழுவில் பாதிப் பேர் சிங்கப்பூரில் ஓவர்டைம் என்றால், அவர்கள் பங்குக்கு டிராக்கைக் காலியாக விட்டு வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்